ஒன்பது மணிச் சங்கு

ஓய்வு பெற்றவர் எழுதும் கட்டுரை என்றதும் நரைத்த தலையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. பென்சன் கிடையாது. அரசாங்கக் கந்தோரில் வேலை பார்க்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் கதிரையை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது விதி. சென்ற வருடம் தை மாதம் நான் எழுந்தேன். எட்டு வருட உத்தியோகம். அதில் ஆறு வருடம் கண்டியில், ஆற்று மீன் பிடிப்புக்கு அளவு வைக்கும் பிரிவில்.

இப்போது என் கதிரையில் இருக்கும் ரெஜினா என்ற பெண் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். பன்விலப் பக்கம் ஹுலு கங்கையில் மீன் பிடிப்பதற்கு மறுபடியும் அனுமதி கொடுக்கப் போகிறார்களாம். நாலைந்து வருடங்களாக ஆறு மூடிக் கிடந்தது. கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, அந்த ஆற்றுக்கு நீங்கள் எப்படி அளவு வைத்தீர்கள்? இரண்டு, பழைய ஏழாம் இலக்க அனுமதிக்காரி அன்னம்மா திரும்பவும் மனுக் கொடுத்திருக்கிறார், அளவு மீறிப் பிடித்தார் என்று அவர்மேல் எழுதப்பட்டிருக்கிறது, அந்தக் குற்றம் நின்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள், அது உண்மைதானா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவதற்குச் சொல்ல முடியாது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்பிட்டியவில் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்ததும் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் பழகினேன். அங்கே கற்றவை: மீன் செதிலைக் கழுவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது, நுண்ணோக்கியைத் துடைப்பது, ஸ்பிரிட் போத்தலுக்குச் சீட்டு எழுதுவது, கையெழுத்தைச் சிறிதாக்குவது. நான்கிலும் கடைசியே பிற்பாடு அதிகம் உதவியது.

கண்டிக் கந்தோரில் எங்கள் பிரிவு ஓர் அறைதான். ஏரி முன்பக்கத்துக்காரர்களுக்கு; எங்கள் ஜன்னலுக்கு வெளியே பாசி பிடித்த ஈரச் சுவர். இரண்டு மேசை, ஒரு அலுமாரி, ஒரு நுண்ணோக்கி. பிரிவுக்குத் தலைவர் திரு. தம்பிராசா. யாழ்ப்பாணத்தவர், சைவர், ஐம்பது கடந்தவர். நெற்றியில் மெல்லிய கோடாகத் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவரிடம் இரண்டு பென்சில்கள் இருந்தன. எண்களை எழுதக் கறுப்பு, கூட்டுத்தொகைக்குச் சிவப்பு. அறையில் ரப்பர் கிடையாது. பிழையாக எழுதினால் ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, ஓரத்தில் பெயரின் முதலெழுத்துப் போட வேண்டும். "பிழையும் ஒரு பதிவுதான் பிள்ளை. அதை அழிச்சால் அது எங்கை நடந்ததெண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும்" என்பார்.

நான் தாளைக் கொண்டுபோய் வைத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"பார்த்தேன் ஐயா."

"எத்தினை தரம்?"

"ரெண்டு தரம்."

"அப்ப மூண்டாந்தரம் பாக்கிறது ஆர், உம்முடைய கொப்பரோ?"

என் அப்பாவை இழுக்கும் அதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பகடி. பென்சனில் போகும்வரை அதையே சொன்னார். நானும் மூன்றாம் தரம் பார்க்கத் தாளை எடுத்துக்கொண்டு திரும்புவேன்.

இனி அளவு வைக்கும் முறை. ஆற்றில் எத்தனை மீன் இருக்கிறது என்று யாராலும் எண்ண முடியாது. எண்ணக்கூடியவை இரண்டு: ஒருவர் எத்தனை பிடித்தார், அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது. மீன் நிறைய இருந்தால் ஆறு மீனைச் சீக்கிரம் பிடிக்கலாம். குறைந்தால் அதே ஆறு மீனுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பிடித்த மீனை நேரத்தால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு இத்தனை மீன் என்று ஓர் எண் வரும். அந்த எண்தான் எங்களுக்கு ஆற்றின் நாடி. அது இரண்டு மாதம் தொடர்ந்து காற்பங்கு விழுந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பாதியாக விழுந்தால் பிடிப்பை நிறுத்த வேண்டும். விழாவிட்டால் ஒன்றையும் தொடக்கூடாது. "பத்து எண்ணைப் பாத்தால் பத்துக் கதை சொல்லும். ஒண்டை நம்பு, அதை வடிவாய் எடு" என்பது தம்பிராசா ஐயாவின் சட்டம்.

ஹுலு கங்கையில் பதினொரு பேருக்கு அனுமதி இருந்தது. எல்லோரும் தேயிலைக் கொழுந்து விலை விழுந்தபோது தோட்டங்களில் பேர் வெட்டப்பட்டு வேலை இழந்தவர்கள். இந்தியாவில் இருக்கும் ஊருக்குக் கப்பலேறாமல் ஆற்றோரம் குடிசை போட்டுத் தங்கிவிட்டவர்கள். அவர்கள் பிடித்தது ஆற்றுக் கெண்டை. வளர்ந்த மீனின் செதில் என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. அளவு: ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு. ஒரு சாணுக்குக் குறைந்தது ஆற்றுக்கே திரும்ப வேண்டும். தூண்டில் மட்டும், வலையும் வெடியும் கூடாது. பிடித்ததை எல்லாம் பாலத்தடிக் கொட்டிலில் இருக்கும் மேசைக்குக் கொண்டுவந்து காட்டிய பிறகே விற்கலாம்.

கிழமைக்கு இரண்டு நாள் அந்த மேசையில் நான் இருப்பேன். மற்ற நாட்களில் உள்ளூர்க் காவற்காரர் எண்ணிக்கையை மட்டும் குறித்து வைப்பார். நான் கண்டியிலிருந்து வத்தேகமவுக்கு ரயில், அங்கிருந்து பன்விலைக்கு பஸ், பிறகு ஒரு மைல் நடை. மேசை பதினொரு மணிக்குத் திறக்கும். பஸ் நேரத்தைப் பார்த்துத் தம்பிராசா ஐயா வைத்த நேரம் அது. மீனைப் பலாப்பலகையில் தலை இடப்பக்கமாகக் கிடத்தி, மூக்கு நுனியிலிருந்து வால் பிரியும் இடம்வரை அளப்பேன். முதுகுச் செட்டைக்குக் கீழே ஐந்து செதில் எடுத்துச் சிறிய கடித உறையில் போட்டு இலக்கம் எழுதுவேன். வயிற்றை அழுத்திச் சினை இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியாகக் கேட்பேன்: "எவ்வளவு நேரம் பிடிச்சீங்க?"

அவர்களிடம் கடிகாரம் இல்லை. மேலே இருந்த ஸ்டோரின், அதாவது தேயிலை ஆலையின், சங்குதான் கடிகாரம். காலை ஆறுக்கு ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு, ஒன்பதுக்கு அன்றைய முதல் கொழுந்தை நிறுக்கும் சங்கு, பன்னிரண்டுக்கு மதியச் சங்கு. "ஒரு சங்கு நேரம்", "அரைச் சங்கு" என்றே பதில் வரும். வேலைக்குப் புதிதாக வந்தபோது அங்கே ஒரு தெரிந்த குடும்பத்தாருடன் மூன்று நாள் தங்கி, கைக்கடிகாரத்தை வைத்து அந்தச் சங்குகளைச் சரிபார்த்தேன். ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் சிறிய கையெழுத்தில் எழுதினேன்: ஒரு சங்கு, மூன்று மணித்தியாலம். தம்பிராசா ஐயா அதன்கீழ் சிவப்புப் பென்சிலால் கோடிட்டார்.

அன்னம்மா ஏழாம் இலக்கம். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை, வாயில் எப்போதும் வெற்றிலை. புருஷன் கொழும்புக்கு வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். ஆற்றில் ஒரு தட்டைப் பாறை அவருக்கென்று ஆகிவிட்டிருந்தது; அதில்தான் உட்காருவார். மேசைக்கு வந்தால் வாய் சும்மா இராது.

"வாங்க மிஸ். இன்னைக்கும் அளவெடுக்கப் போறீங்களா? ஒரு நாளாச்சும் சட்டையைத் தைச்சுக் குடுங்க, பாவம் அம்மணமாவே போவுதுங்க."

"பேசாமல் நில்லுங்க அன்னம்மா. எண்ணிக்கை பிசகிடும்."

"பிசகினா என்ன, ஐயா பிரம்பெடுப்பாரா?"

ஒரு நாள் ஆறு மீனைப் பலகையில் வைத்தார். பிறகு ஒரு மண்சட்டியைத் தூக்கிக் காட்டினார். தண்ணீருக்குள் ஏழாவது மீன் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஏன்?"

"அதுல ஒண்ணு சாணுக்குக் கம்மியோன்னு சந்தேகமுங்க. கம்மின்னா அதைத் தள்ளிட்டு இதை வச்சுக்குவேன். சரின்னா இது போவட்டும்."

அளந்தேன். ஆறும் சரியாக இருந்தன. அவர் சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கி மீனை ஆற்றில் விட்டு வந்தார். "ஏழாவதுக்கு ஆயுசு கெட்டி" என்றார். நான் இதைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன். அந்தக் குறிப்பேடு பின்பு ஒருவருக்கும் உதவவில்லை என்றாலும், அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்து வறட்சி வருடம். மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, கீழே தும்பறைப் பக்கம் மலேரியா பரவிய அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஹுலு கங்கையில் பாலத்துக்குக் கீழே பாறைகள் எலும்பு போல வெளியே தெரிந்தன. மேலே தேயிலை கருகியது. கந்தோரில் எல்லாப் பிரிவுகளிலும் எண்கள் விழுந்துகொண்டிருந்தன. எங்கள் எண் மட்டும் விழவில்லை. சித்திரையில் மணித்தியாலத்துக்கு இரண்டு. வைகாசியில் இரண்டு. ஆனியில் இரண்டு.

எனக்கு நெருடல் இருந்தது என்பதை இப்போது சொல்வது எளிது. அப்போதும் கொஞ்சம் இருந்தது. மேசைக்கு வந்தவை எல்லாம் பெரிய மீன்களாகவே இருந்தன; சின்னவை மாதம் மாதம் குறைந்தன. பாதிக்குமேல் சினை மீன்கள். 'சிறியது இல்லை' என்று ஓரத்தில் எழுதித் தம்பிராசா ஐயாவிடம் காட்டினேன்.

"எண் விழுந்ததோ?"

"இல்லை ஐயா. ரெண்டிலேயே நிக்குது."

"வடிவாப் பாத்தனீரோ?"

"மூன்று தரம்."

"அப்ப அளவிலை கை வைக்க ஏலாது. எண் சொல்லாததை நாங்கள் சொல்லக்கூடாது, பிள்ளை. அந்தச் சனத்துக்கு இந்த நேரத்திலை வேறை என்ன இருக்கு? காரணமில்லாமல் குறைச்சால் அது பாவம்."

அவர் சொன்னதில் இரக்கம் இருந்தது. அளவு ஆறாகவே நின்றது. ஒவ்வொரு நாளும் பதினொரு பேரும் ஆறு ஆறாகக் கொண்டுவந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும் நேரம் கேட்டேன். "ஒரு சங்கு மிஸ்" என்றார்கள். மூன்று என்று எழுதினேன்.

மழை வந்தது. ஆறு நிறைந்தது. மீன் வரவில்லை. தையில் ஒரு நாள் முழுவதற்கும் பதினொரு பேருக்குமாக நான்கு மீன். மாசியில் ஒன்றுமில்லை. முட்டையிட்டுப் பெருகவேண்டிய மீன்கள் எல்லாம் வறட்சியில் என் மேசை வழியாகவே போயிருந்தன.

மணித்தியாலத்துக்கு இரண்டு என்று அதுவரை நின்ற எண் எப்படி ஒரே அடியாகப் பூச்சியத்துக்கு வரும்? கொழும்புக்கு அந்தக் கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி. அவர்கள் கண்ட பதிலும் மேலோட்டமாக நியாயமானதே: அனுமதிக்காரர்கள் மேசைக்குக் காட்டியது ஆறு, காட்டாமல் பிடித்தது அதற்கு மேல். விசாரிக்க ஓர் அதிகாரி கண்டிக்கு வந்தார்.

விசாரணை எங்கள் அறையிலேயே நடந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தம்பிராசா ஐயா மொழிபெயர்த்தார். நான் பதிவு எழுதினேன். பதிவுக்கு ஒரு விதி உண்டு: சாட்சி சொல்வதை அல்ல, மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொல்வதையே எழுத வேண்டும். பதினொரு பேரில் நான்கு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களுக்குக் காய்ச்சல், அல்லது பஸ்ஸுக்கு வழியில்லை. முதல் மூன்று பேரும் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நின்றார்கள். அன்னம்மா மட்டும் பேசினார்.

"நாளுக்கு ஆறுக்கு மேலை பிடிச்சனீங்களோ?"

"இல்லைங்க."

"மேசைக்குக் காட்டாமல் வித்தனீங்களோ?"

"மேசைக்கு வராத மீனு எங்க வயித்துக்குக்கூட வந்ததில்லைங்க. மிஸ்ஸையே கேளுங்க. மீனுக்கு மீசை இருந்திருந்தா அதையும் அளந்திருப்பாங்க."

ஐயா இதை மொழிபெயர்த்தார், மீசையை விட்டுவிட்டு.

"அப்ப மீனெல்லாம் எங்கை போனது?"

"எங்களைக் கேட்டா என்னங்க சொல்றது? ஆறு மீனுக்கு அரை நாளு பாறையில குந்திக் கிடந்தோம். வெயில்ல மண்டை வெடிச்சுப் போச்சு. அப்பவே தெரியும், ஆறு காலியாவுதுன்னு."

தம்பிராசா ஐயா என் புத்தகத்தைப் புரட்டினார். "அரை நாளோ? ஒரு சங்கு எண்டெல்லோ சொல்லியிருக்கிறீங்கள். மூண்டு மணித்தியாலம்."

"ஒரு சங்குதாங்க. காலைச் சங்குலருந்து மதியச் சங்கு வரைக்கும்."

"இடையிலை ஒன்பது மணிச் சங்கு?"

அன்னம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்திருக்கலாம்.

"அதுதான் நின்னு போச்சே! வெயில்ல கொழுந்து ஏது? காலையில நிறுக்கிறதுக்கு ஒண்ணுமில்லேன்னு தொரை அந்தச் சங்கை நிப்பாட்டிட்டாருங்க. சித்திரையிலருந்து ஊதலை. மிஸ்ஸுக்குத் தெரியாதா?"

மிஸ்ஸுக்குத் தெரியாது. மிஸ் ஒவ்வொரு தடவையும் பதினொரு மணிக்குத்தான் அங்கே போய்ச் சேர்ந்தாள். மதியச் சங்கை மட்டும் தவறாமல் கேட்டாள்.

அதிகாரி, என்ன சொல்கிறாள் என்பதுபோலத் தம்பிராசா ஐயாவைப் பார்த்தார். ஐயா புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலீசில் சொன்னார்: மீன் எங்கே போனது என்று சாட்சிக்குத் தெரியவில்லை.

நான் அதை எழுதினேன்.

அந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். எனக்கு இரண்டு மொழியும் தெரியும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'ஐயா, சாட்சி சொன்னது அதுவல்ல' என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் விதிப்படி நடந்தேன். பதிவைப் படித்துக் காட்டினார்கள், இங்கிலீசில். அன்னம்மா கைநாட்டு வைத்தார். "மீனு திரும்பி வந்ததும் சொல்லி அனுப்புங்க மிஸ்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ஐயா கதவைச் சாத்தினார். "வறட்சி மாதப் புத்தகமெல்லாத்தையும் எடும்" என்றார். நான் எடுத்தேன். "இரும்" என்று தன் மேசைக்கு எதிரே இருந்த கதிரையைக் காட்டினார். அதுவரை அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்ததில்லை. அவர் வாசிக்க நான் போட்டேன். ஒவ்வொரு மூன்றையும் ஒரு கோட்டால் வெட்டி ஆறு என்று எழுதினேன். ஓரத்தில் என் முதலெழுத்தைப் போட்டேன். பக்கம் பக்கமாக என் முதலெழுத்தே நிறைந்தது. சித்திரைக்கு ஒன்று. வைகாசிக்கு ஒன்று. ஆனிக்கு ஒன்று. பாதி. சித்திரையும் வைகாசியும் முடிந்தபோதே பிடிப்பை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் வெள்ளம் வந்தபோது முட்டையிட ஆற்றில் மீன் இருந்திருக்கும்.

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"ஐயா, ஏன் அப்பவே அவருக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவருடைய பேச்சே எனக்கும் தொற்றியிருந்தது.

"வடிவாப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?"

"இப்ப பார்த்தாச்சே."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொழும்பு ரயில் புறப்பட்டு இருபது நிமிடமாகியிருந்தது. அதிகாரி சாப்பிட்ட இடத்திலிருந்தே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். கையெழுத்திட்ட பதிவும் அவரோடு போய்விட்டது.

அன்று மாலையே ஓர் அறிக்கை எழுதினேன். ஏழு வரிகள்: எந்த மாதம் சங்கு நின்றது, எனக்கு ஏன் தெரியவில்லை, எந்த எண் பிழை, சரியான எண் எது, எப்போது நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாதது யார், அனுமதிக்காரர்கள் ஒருவரும் அளவு மீறவில்லை. ஆறாவது வரிக்கு 'இப்பிரிவு' என்று போட்டேன். தம்பிராசா ஐயா அதை மூன்று நாள் வைத்திருந்தார். அவருக்குப் பென்சனுக்கு நான்கு மாதம் இருந்தது. வீட்டில் கல்யாணத்துக்கு மூன்று பெண்கள். நான்காம் நாள் கறுப்புப் பென்சிலை எடுத்து அடியில் எழுதினார்: கருத்தெதுவுமின்றி மேலனுப்பப்படுகிறது.

பதில் இரண்டு மாதத்தில் வந்தது. விசாரணைப் பதிவில் இப்படி ஒரு சாட்சியம் இல்லை. சாட்சியே கைநாட்டு வைத்திருக்கிறார். அறிக்கை கோப்பில் சேர்க்கப்படுகிறது. அதே தபாலில் பதினொரு கடிதங்கள் வந்தன. அளவு மீறிப் பிடித்த குற்றத்துக்காக அனுமதி ரத்து. அவற்றுக்கு முகவரி எழுதியது நான்தான். என் வேலைகளில் அதுவும் ஒன்று.

அன்னம்மா பக்கத்துத் தோட்டத்தில் பேர் பதியப் போனார். கிளாக்கர், இத்தனை நாள் என்ன செய்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார். அவர் கடிதத்தைக் காட்டினார். அதில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. அரசாங்க முத்திரை இருந்ததால் நல்லதென்று நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தார். கிளாக்கர் வாசித்துவிட்டுப் போகச் சொன்னார். இரண்டாவது தோட்டத்திலும் அதே கதை. பிறகு பெண் பிள்ளைகளோடு ஹேவாஹெட்டவில் தோட்ட லயத்தில் இருந்த தங்கச்சியின் வீட்டுக்குப் போய்விட்டார். பேர் இல்லாத ஆளாக, அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு வேலைக்கு.

ஒரு வருடம் கழித்துக் கண்டி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். வாயில் வெற்றிலை இல்லை.

"நான் திருடின்னு கடுதாசி சொல்லுதாமே மிஸ். வாசிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"நீங்க திருடலை, அன்னம்மா. அது எனக்குத் தெரியும்."

"அதை ஒரு கடுதாசியில எழுதிக் குடுங்களேன்."

உத்தியோகத்தில் இருப்பவர் அப்படித் தனிக் கடிதம் கொடுக்கக்கூடாது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன்.

"கோப்பு ஹேவாஹெட்டைக்கு வருமா மிஸ்?" என்று கேட்டார். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ரெஜினாவுக்கு நான் எழுதிய பதிலில் மேலே சொன்னதெல்லாம் சுருக்கமாக இருந்தது. அன்னம்மா சொன்னது உண்மை, பிழை என்னுடையது, பிழையை மறைத்ததில் எனக்கும் பங்குண்டு என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். அவள் நல்ல பெண். நான் அந்த வயதில் இருந்ததைவிடக் கவனமானவள். எழுதியதை அப்படியே நம்பாமல் விடிகாலையில் பன்விலைக்குப் போய் ஆற்றோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு எனக்கு எழுதினாள்: 'அக்கா, நான் இரண்டு நாள் போனேன். ஒன்பது மணிச் சங்கு ஊதுகிறது. இப்போது இருக்கும் ஸ்டோர்க்காரர்களைக் கேட்டேன். தாங்கள் வந்த நாள்முதல் ஊதிக்கொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள். மேலதிகாரி உங்கள் அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டார். உங்களுக்கு ஞாபகப் பிசகோ என்று கேட்கிறார்.'

மழைக்குப் பிறகு அந்தச் சங்கு மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். இடையில் அது நின்றதற்குச் சாட்சி நானும் தேடினேன். ஸ்டோரில் சங்கு ஊதிய நேரங்களை எழுதும் புத்தகம் ஒன்று இருந்தது. அந்த வருடப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாகக் கிளாக்கர் சொன்னார். அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். தம்பிராசா ஐயா பென்சனில் போன இரண்டாம் வருடம் ஊரில் காலமானார். மற்றப் பத்துப் பேரில் ஆறு பேர் கப்பலேறிவிட்டார்கள். நான்கு பேர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என் திருத்தங்கள் நிறைந்த பதிவுப் புத்தகம் கந்தோரில் இருக்கிறது. ஆனால் அவை எல்லாம் விசாரணைக்குப் பிறகு, ஒரே நாளில், ஒரே மையில், என் ஒருத்தியின் முதலெழுத்தோடு எழுதப்பட்டவை. வேறொருவர் அப்படி ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அன்னம்மாவின் மனு போன மாதம் தள்ளப்பட்டது. காரணம்: முந்திய குற்றம். மற்ற அனுமதிகளைக் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆற்றில் மீன் திரும்பி வந்துவிட்டது. அளவு ஆளுக்கு நான்கு.

ரெஜினா மறுபடியும் கேட்டிருக்கிறாள், தன் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவதென்று. எப்போதும் ஒன்றை எழுதாதே, ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் சங்கிலிருந்து சங்குவரை நீயே இருந்து கேட்டுவிட்டு எழுது என்று பதில் அனுப்பியிருக்கிறேன். அந்தச் சனங்கள் சொல்லும் ஒவ்வொரு பதிலையும் அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதிக்கொள் என்றும்.

போன கிழமை நானும் ஒருமுறை போனேன். முதல்நாளே பன்விலைக்குப் போய்த் தங்கி, விடிய முன் ஆற்றுக்கு இறங்கினேன். பாலத்தடிக் கொட்டிலுக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள். ஏழாம் இலக்கம் இப்போது யாரோ ஒரு பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அவன் பாலத்தடியில் நின்று பிடிக்கிறான். தட்டைப் பாறை வெறுமையாகக் கிடந்தது. நான் அதில் போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஊதக்கூடாது என்று ஒரு நினைப்பு உள்ளே இருந்தது. ஒன்பதுக்கு ஊதியது, நீளமாக, மலை முழுவதும் கேட்கும்படி.

சரியாக மூன்று மணித்தியாலம். என் அட்டவணையில் இன்று ஒரு பிழையும் இல்லை.